பாடத்தளமும் பணித்தளமும்

(அறக்கட்டளை விழாவின் கல்வி அரங்கில், ஓய்வுபெற்ற கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் பேசுவதற்கு ‘இணையத்தில் பாடத்தளமும் பணித்தளமும் அமைத்தல்’ என்னும் தலைப்பை அளித்தபோது சற்றுத் தயங்கினேன். நான் கணினி பயின்றவன் அல்லன். முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவன். பணியின் இறுதிப் பத்தாண்டுகளில்தான் கணினியின் முன் அமர்ந்தேன். ஆயினும், இத்துறையில் நான் செய்த ஒரு பிழை எனக்கு நிறையக் கற்றுத் தந்தது. அதனை இந்த அவையில் சொல்வது பிறர்க்குப் பயன்படும் என்று எண்ணியே ஒப்புக்கொண்டேன். ஆகவே அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கடிகாரத்தின் கதை

எங்கள் துறைக்கென ஒரு பாடத்தளம் அமைத்தோம். பாடக் குறிப்புகளைப் பதிவேற்றினேன், வினாத்தாள்களைச் சேர்த்தேன், மாணவர்கள் கட்டுரைகளைத் தளத்திலேயே ஒப்படைக்க வழிசெய்தேன். முதற் கட்டுரைக்குக் கெடு, குறிப்பிட்ட நாளன்று இரவு 11.59 மணி. அதன்பின் தளம் எதனையும் ஏற்காது என்றும் அமைத்துவிட்டேன். கண்டிப்பான ஆசிரியன் என்னும் பெருமிதம் எனக்கு அப்போது இருந்தது.

ஒரு மாணவி மட்டும் கட்டுரை தரவில்லை. வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண். ஏன் தரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அகமதிப்பெண் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சுழியம் இட்டேன்.

பருவத்தின் இறுதியில், தளத்தில் யார் யார் எப்பொழுது வந்தனர் என்று காட்டும் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கட்டுரைப் பக்கத்தை அம்மாணவி நான்கு முறை திறந்திருந்தார். நேரம், நள்ளிரவு 12.15 முதல் 12.20 வரை. ‘கால் மணி நேரம் பிந்திவிட்டாரே’ என்று எண்ணியபடி அடுத்த பக்கத்துக்குச் சென்றேன். அங்கே என் பெயர் இருந்தது. காலை 10 மணி வகுப்பில் நான் தளத்தைத் திறந்து காட்டியதாக நன்றாக நினைவுண்டு. பதிவேடோ அதனைப் பகல் 12.30 என்று காட்டியது.

அப்போதுதான் உண்மை புலப்பட்டது. எங்கள் தளம் இயங்கிய வழங்கி சிங்கப்பூரில் இருந்தது. தளத்தின் கடிகாரமும் அந்நாட்டு நேரத்தையே காட்டியது. நம் நேரத்தைவிட அது இரண்டரை மணி நேரம் முந்தியது. நான் இரவு 11.59 என்று எழுதிய கெடு, நம் ஊரில் இரவு 9.29 மணிக்கே முடிந்துவிட்டது. அம்மாணவி கட்டுரையை அனுப்ப முயன்றது இரவு 9.45 மணிக்கு. அவர் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதனை வேலைக்கு எடுத்துச் செல்லும் தந்தையார் வீடு திரும்பிய பின்னரே அது மகளின் கைக்கு வரும். மற்றவர்கள் பகலிலேயே கல்லூரிக் கணினியில் பதிவேற்றிவிட்டமையால், வேறு எவருக்கும் இது தெரியவில்லை.

அவரை அழைத்து, “அன்றைக்கே ஏனம்மா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. என் கைப்பேசிக் கடிகாரம்தான் தவறு என்று நினைத்துக்கொண்டேன், சார்” என்றார்.

மதிப்பெண்ணைத் திருத்தக் கடிதம் எழுதினேன், திருத்தவும் பட்டது. எனினும், தம்மீது இல்லாத பிழையை அந்தப் பெண் மூன்று மாதம் சுமந்தார் அல்லவா? அதனைத் திருத்த எந்தக் கடிதத்தாலும் இயலாது. தளம் அமைப்பது பற்றி இன்று நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்த மூன்று மாதங்களிலிருந்து பிறந்தது என்றே கொள்ளுங்கள்.

எட்டாத் தொலைவுக்குக் கல்வி

தொலைவில் உள்ளவர்க்குக் கற்பித்தல் என்பது கணினியோடு பிறந்த எண்ணம் அன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர் உள்ளது. சுற்றிலும் பாலை. ஒரு பண்ணை வீட்டுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூறு கல்லுக்கு மேலும் தொலைவு இருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்காக 1951ஆம் ஆண்டு வானொலிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பறக்கும் மருத்துவர் சேவைக்கென நிறுவப்பட்டிருந்த வானொலிக் கருவிகளையே பாடம் நடத்தவும் பயன்படுத்தினர். தொடக்கத்தில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பர்; அவ்வளவே. பின்னர் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதிலுக்கென நேரம் ஒதுக்கினர். பிள்ளையின் குரல் ஆசிரியரை எட்டிய பிறகுதான் அது பள்ளியாயிற்று.

அந்நாட்டின் மேற்குப் பாலையில், இத்தகைய வானொலிப் பள்ளியில் பயின்று வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் மார்ட்டின் டுகியமாஸ். பிற்காலத்தில் பெர்த் நகரில் கணினி அறிஞரான அவர், ‘மூடில்’ என்னும் கற்பித்தல் மென்பொருளை உருவாக்கினார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதன் முதற் பதிப்பு வெளியாயிற்று. எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்னும் உரிமத்துடன் அதனை அவர் வெளியிட்டார். உலகெங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இன்று அதனைக் கையாள்கின்றன.

இத்தகைய கொடை நமக்குப் புதிதன்று. உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். நோன்பு நிறைவுற்றபோது ஏடு எழுதுவித்துத் தானம் செய்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். ஏட்டை எழுதுவித்தவர் அதனைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்காக எழுதுவிக்கவில்லை. படிப்பவர் கையில் சேர்ந்தால்தான் தானம் நிறைவுறும். இணையத்தளத்துக்கும் அதுவே அளவுகோல்.

இருவகைத் தளங்கள்

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன், இண்டியானா, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, ‘சகாய்’ என்னும் மென்பொருளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கின. மிச்சிகனில் அதற்கு முன்னர் வழங்கிய மென்பொருளின் பெயர்ச் சுருக்கம், சமையற்கலைஞரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக அமைந்திருந்தது. அதனால் புதியதற்குப் புகழ்பெற்ற ஜப்பானியச் சமையற்கலைஞர் ஒருவரின் பெயரை விளையாட்டாகச் சூட்டினர்.

அம்மென்பொருளில் புதிய தளம் ஒன்றைத் தொடங்கப் புகுந்தால், அது முதலில் ஒரு வினாவைக் கேட்கும்: ‘உமக்கு வேண்டுவது பாடத்தளமா, பணித்தளமா?’ இந்த வினாவின் அருமை எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கியது.

பாடத்தளத்தில் ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறிய வந்தவர். ஆசிரியர், உதவியாசிரியர், மாணவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் வைத்ததை மாணவர் மாற்ற இயலாது. ஒரு மாணவரின் மதிப்பெண்ணை மற்றொரு மாணவர் காண இயலாது. பருவம் தொடங்கும், முடியும்.

பணித்தளம் வேறு. அங்கே கூடுவோர் ஒரு வேலையைச் செய்து முடிக்கக் கூடியவர்கள். தளத்தைப் பேணுபவர் சிலர், பங்கேற்பவர் பலர் என்னும் வேறுபாடு மட்டுமே உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். வேலை முடியும் நாளே தளம் முடியும் நாள்.

இவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமல் தளம் அமைப்பவர் இரண்டிலும் இடர்ப்படுவர். பாடத்தளத்தில் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தந்தால், ஒரு மாணவரின் கைத்தவறு முழுப்பாடத்தையும் அழித்துவிடும். பணித்தளத்தில் ஒருவர் மட்டும் எல்லா உரிமையையும் வைத்துக்கொண்டால், மற்றவர்கள் நான்காம் நாளே வருவதை நிறுத்திவிடுவர். ஆகவே எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன், நாம் கற்பிக்கக் கூடுகிறோமா, செய்து முடிக்கக் கூடுகிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்தளம் அமைக்கும் முறை

முதல் வேலை கணினியில் இல்லை, தாளில் இருக்கிறது. பாடத்தை வாரம் வாரமாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் மூன்று வரிகள் போதும்: இவ்வாரம் படிக்க வேண்டியது எது, செய்ய வேண்டியது எது, ஐயம் கேட்கும் இடம் எது. இம்மூன்றையும் எழுத இயலவில்லையெனில், அவ்வாரத்துப் பாடம் நம் மனத்திலேயே இன்னும் உருப்பெறவில்லை என்று பொருள்.

நான் முதலில் செய்தது இதற்கு நேர்மாறு. கையில் இருந்த நாற்பது கோப்புகளையும் ஒரே பக்கத்தில் கொட்டினேன். எதனை முதலில் படிப்பது என்று ஒரு மாணவருக்கும் தெரியவில்லை. நூலகத்தின் அலமாரிகளைக் கவிழ்த்துவிட்டு, ‘எல்லாம் இங்கேதான் இருக்கிறது’ என்று சொன்னவனைப் போல ஆனேன்.

இரண்டாவது, கோப்பின் எடை. பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சேர்த்த பாடக் குறிப்பு ஐம்பது மெகாபைட்டு இருக்கும். அதே குறிப்பைத் தட்டச்சு செய்தால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நகரத்தில் இருப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. மாலையில் இணையம் தள்ளாடும் சிற்றூரில் இருக்கும் பிள்ளைக்கு, படிப்பதற்கும் படிக்காமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஒலிப்பதிவு போதுமான இடத்தில் காணொளி வைக்க வேண்டா. மூடில் போன்றவற்றின் கைப்பேசிச் செயலியில், பாடத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாதபோதும் படிக்கும் வசதி உண்டு. அதனை மாணவர்க்கு முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.

மூன்றாவது, எழுத்துரு. தமிழாசிரியர்கள் பலரிடம் பழைய எழுத்துருக்களில் அடித்த குறிப்புகள் ஏராளமாக உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும், தேடினாலும் கிட்டா. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கக் கூடும்.

நான்காவது, காலம். தளத்தின் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என முதல் நாளே பாருங்கள். இந்திய நேரம் முழுவதற்கும் கணினிகளில் அந்நகரத்தின் பெயரே வழங்குகிறது. அடுத்து, மூடிலில் கட்டுரை ஒப்படைப்புக்கு இரண்டு நாட்களைக் குறிக்கலாம். ஒன்று, ஒப்படைக்க வேண்டிய நாள். மற்றொன்று, அதன்பின் ஏற்கவே இயலாது என்று கதவடைக்கும் நாள். நான் இரண்டையும் ஒரே நேரமாக வைத்தேன். இடையே இரண்டு நாள் விட்டிருந்தால், அம்மாணவியின் கட்டுரை ‘தாமதம்’ என்னும் குறிப்போடு என்னை வந்தடைந்திருக்கும். என் பிழையும் அன்றே வெளிப்பட்டிருக்கும். கதவை அடைக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அடைக்கும் முன் வெளியே யாரேனும் நிற்கிறார்களா என்று பார்ப்பது அவர் கடமை.

ஐந்தாவது, மாணவராக நுழைந்து பார்த்தல். ஆசிரியர் கணக்கில் பார்த்தால் எல்லாம் தெரியும், எல்லாம் திறக்கும். மாணவரின் பார்வைக்கு மாறிக்கொள்ள இம்மென்பொருள்களில் வசதி உண்டு. அவ்வாறு மாறி, குறைந்த விலைக் கைப்பேசி ஒன்றில், வீட்டுக்கு வெளியே நின்று, முதல் வாரத்துப் பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்து பாருங்கள். அந்த அரைமணி நேரம் உங்களுக்கு நிறையக் கற்பிக்கும்.

ஆறாவது, விடையளித்தல். ஐயம் கேட்க ஓர் இடம் அமைத்துவிட்டு, அங்கே வந்த கேள்விக்குப் பத்து நாள் விடை சொல்லாமல் இருந்தால், பதினோராம் நாள் எவரும் கேட்கமாட்டார். ‘செவ்வாயும் வெள்ளியும் மாலையில் விடையளிப்பேன்’ என்று எழுதி வைத்து, அவ்வாறே செய்யுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலியில் பிள்ளையின் குரலுக்கு ஒதுக்கிய அந்த நேரம்தான் இது.

பெரிய மென்பொருளை நிறுவ ஆள் இல்லாத இடங்களில் அஞ்ச வேண்டா. 2014ஆம் ஆண்டு முதல் வழங்கும் கூகுள் கிளாஸ்ரூம் போன்றவற்றில், நிறுவும் வேலை இன்றியே ஒரு வகுப்பைத் தொடங்கலாம். ஆனால் அங்கே வீடு நம்முடையதன்று, வாடகைக்கு இருக்கிறோம் என்பதை நினைவில் வைத்து, எழுதியவற்றின் படி ஒன்றை நம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணித்தளம்: கும்பகோணத்தில் ஒரு முன்னோடி

இனிப் பணித்தளத்துக்கு வருகிறேன். பலர் கூடி ஒரு பிரதியைச் செப்பம் செய்வது எப்படி என்பதற்கு நம்மிடம் ஒரு முன்னோடி உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த வினாவே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. ஏடுகளைப் பல இடங்களிலிருந்து வருவித்தார்; ஒன்றோடொன்றை ஒப்பிட்டார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமயச் செய்திகள் விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணப் பெருமக்களின் இல்லங்களுக்குச் சென்று ஐயம் தெளிந்தார். 1887ஆம் ஆண்டு நூல் அச்சில் வந்தது.

ஏடு தந்தவர், ஒப்பிட்டவர், பொருள் சொன்னவர், பொருள் உதவியவர் என்று பலர் சேர்ந்து செய்த பணி அது. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டபோது அவற்றைக் குறித்து வைக்கும் ஒழுங்கும் அங்கே இருந்தது. இன்றைய பணித்தளத்துக்கு வேண்டியனவும் இவையே.

நம் காலத்திலும் சான்றுகள் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிய பணி. அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. 1995ஆம் ஆண்டு வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர், பார்ப்பவர் எவரும் பக்கத்தைத் திருத்தக்கூடிய ஒரு தளத்தை அமைத்து, ‘விரைவு’ எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லால் அதற்கு விக்கி என்று பெயரிட்டார். அம்முறையின் வழியே 2003ஆம் ஆண்டு முதல் தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்துவருகிறது.

எங்கள் உறவினர் எண்மர் சேர்ந்து இத்தகைய பணித்தளம் ஒன்றைச் சிறிய அளவில் அமைத்தோம். என் பாட்டனார் கையெழுத்தில் இருந்த ஒரு குறிப்பேட்டைப் படியெடுப்பதே பணி. தாத்தா காலத்து நெல் அளவை, திருமணச் சீர்வரிசை, ஊர் ஏரியின் மதகு முறை, அம்மை கண்டபோது செய்த பக்குவம் எனப் பலவும் அதில் இருந்தன. பக்கங்களைப் படமெடுத்து ஏற்றினோம். ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரம் சண்டை வந்தது. ஓர் எழுத்தை என் சித்தப்பா ‘மா’ என்றார். அத்தை ‘மூ’ என்றார். இருவரும் மாறி மாறித் திருத்தினர். ஒரே இரவில் அந்தப் பக்கம் பதினொரு முறை மாறியிருந்தது. நல்லவேளையாக, விக்கி முறையில் பழைய வடிவம் எதுவும் அழிவதில்லை; யார் எப்போது எதனை மாற்றினார் என்பது வரலாறாக நிற்கும். இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஐயத்துக்கு இடமான எழுத்தில் இரண்டு பாடங்களையும் எழுதுவது, யார் எவ்வாறு படித்தார் என்று குறிப்பது, படத்தை அருகே வைப்பது. ‘என் கருத்துப்படி’ என்று சொல்லப் பழகிய பின் எங்கள் குடும்பத்தில் வேறு சில சண்டைகளும் குறைந்தன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்தத்தைப் பள்ளியில் படித்தோம். வீட்டில் பயன்படுத்த ஓர் எழுத்து வேண்டியிருந்தது.

பணித்தளம் அமைப்போர் முதல் நாளே எழுதி வைக்க வேண்டியவை நான்கு. பணி எது, எப்போது முடியும் என்பது ஒன்று. யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்பது இரண்டு. கருத்து வேறுபட்டால் முடிவு எவ்வாறு எடுக்கப்படும் என்பது மூன்று. முடிந்த பின் அந்த ஆக்கம் எங்கே வைக்கப்படும், யார் பயன்படுத்தலாம் என்பது நான்கு. கோப்புகளின் பெயரிலும் ஒழுங்கு வேண்டும். ‘புதியது’, ‘மிகப் புதியது’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்டவர்களுள் நானும் ஒருவன். நாளையும் பக்க எண்ணையும் பெயராக இட்டால் இத்தொல்லை இராது.

திறவுகோல் யாரிடம்?

இரு தளங்களுக்கும் பொதுவான சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளைகளின் படங்கள், தொலைபேசி எண்கள், மதிப்பெண்கள் ஆகியவற்றை எல்லோரும் காணும் பக்கத்தில் வைக்காதீர்கள். கற்பதற்கு வந்த பிள்ளையின் தோல்வியை ஊரார் காண வேண்டியதில்லை.

பிறர் நூலை முழுவதுமாகப் படமெடுத்து ஏற்றுவதும் தகாது. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலின் உரிமை அவர் வழியினருக்கு உண்டு. அதன்பின் அது பொதுச்சொத்து. 1942இல் மறைந்த சாமிநாதையரின் நூல்களை இன்று எவரும் தாராளமாக ஏற்றலாம்; வாழும் ஆசிரியரின் நூலுக்கு ஒரு கடிதம் எழுதி இசைவு கேட்கலாம்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. கோவில் திறவுகோல் எப்போதும் இருவரிடம் இருக்கும். ஒருவர் வெளியூர் சென்றாலும் விளக்கு ஏற்றப்படும். இணையத்தளத்துக்கு மட்டும் ஏனோ ஒரே ஆளிடம் திறவுகோலைக் கொடுத்துவிடுகிறோம். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தளம் அமைப்பார். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும். கடவுச்சொல் அவரோடு போகும். தளப்பெயருக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சிறு தொகை கட்டப்படாமல், ஐந்தாண்டு உழைப்பு ஒரு நாளில் மறைந்துவிடும். கறையானுக்கு இரையான ஏடுகளுக்காக வருந்துகிற நாம், நாமே ஒரு கறையானாக ஆகிவிடக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் பேணுநர் இருவர் இருக்கட்டும்; ஒருவர் மூத்தவராகவும் ஒருவர் இளையவராகவும் இருந்தால் இன்னும் நன்று. மாதம் ஒருமுறை காப்புப்படி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அக்காப்புப்படி திறக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள். கட்டணம் கட்டும் நாளை அறக்கட்டளையின் கணக்கேட்டில் எழுதி வையுங்கள். தனி ஒருவரின் நினைவை நம்ப வேண்டா.

பெருமக்களே! பெரிய பல்கலைக்கழகங்கள் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ளன. எம்.ஐ.டி. தன் பாடங்களை உலகுக்குத் திறந்து வைப்பதாக 2001ஆம் ஆண்டு அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. நம் நாட்டு ஐ.ஐ.டி.களின் விரிவுரைகள் வீட்டிலிருந்தே கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கணக்கில் வரும் ஐயத்தை அவற்றுள் எதுவும் பெயர் சொல்லி அழைத்துத் தீர்க்காது. அதற்கு, பிள்ளையை அறிந்த ஒருவர் வேண்டும். இந்த அவையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் உள்ளீர்கள். நகரங்களிலும் அயல்நாடுகளிலும் பணியாற்றும் பொறியாளர்களின் பெற்றோர் உள்ளீர்கள். கற்பிப்பவர் ஓர் ஊரிலும், கற்பவர் ஓர் ஊரிலும், தளத்தைப் பேணுபவர் வேறோர் ஊரிலும் இருக்கலாம். பெரிதாகத் தொடங்க வேண்டா. ஒரு பாடம், பத்துப் பிள்ளைகள், பன்னிரண்டு வாரம். அல்லது ஒரு குறிப்பேடு, எட்டு உறவினர், ஓராண்டு. அவ்வளவு போதும்.

என் பாடத்தளங்களில் எல்லாம் அந்நிகழ்ச்சிக்குப் பின் முதற் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதி வைத்தேன். இன்று தளம் நடத்தும் என் மாணவர்களும் அதனை எழுதுகிறார்கள். அவர்களுள் ஒருவர், இப்போது பள்ளியாசிரியையாக உள்ள அதே பெண். அவ்வரிகள் இவை: ‘இத்தளத்தில் ஏதேனும் திறக்கவில்லை என்றால், பிழை எங்களுடையது என்று முதலில் எண்ணுங்கள். உடனே எங்களிடம் சொல்லுங்கள்.’